பத்துப் பிழைப் பலகை

அண்ணன் அவர்கள் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், அண்ணனிடம் படித்தவர்களுக்கும், தெருக்காரர்களுக்கும் அவருடைய ஒரே தங்கை எழுதுவது. முன் பக்கங்களில் மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள்; நல்லவிதமாகத்தான் எழுதியிருப்பார்கள். அண்ணன் மகன் என்னிடம் கேட்டதும் அதைத்தான். "அத்த, நல்லதா நாலு பக்கம் எழுதிக் குடுங்க. அப்பா கஷ்டப்பட்டு வளந்ததுலேருந்து கடைசி வரைக்கும் உங்களுக்குத்தான தெரியும்" என்றான். தெரியும் என்பதால்தான் ஒரு மாதம் பேனாவைத் தொடாமல் இருந்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஆயுள் முழுக்க ஊரார் எழுதியதில் பிழை பார்த்த மனிதருக்குப் பொய்யும் புளுகுமாக ஒரு கட்டுரை எழுதிப் படைத்தால் அவரே அதை ஏற்க மாட்டார். ஆகவே உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். மனம் நோகிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் பந்திக்குப் போகலாம். வடை பாயசத்தோடு சமையல் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணன் பிறந்தது வடக்கனந்தலில். அப்பாவுக்கு மூன்று ஏக்கர் நிலம், நெல்லும் கரும்பும். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது வரப்பில் பாம்பு கடித்து அப்பா போய்ச் சேர்ந்தார். நான் அப்போது கைக்குழந்தை, எனக்கு அப்பா முகம் தெரியாது. அன்று முதல் வீட்டுக்கு ஆண்பிள்ளை அண்ணன்தான். விடியற்காலையில் தண்ணீர் கட்டிவிட்டு, சேற்றுக் காலோடு காச்சிராயபாளையம் பள்ளிக்கு நடப்பார். சாயங்காலம் வந்து மறுபடியும் வயலில் இறங்குவார். அம்மா நோயாளி. இரண்டு பேர் வயிற்றையும் அந்தப் பிள்ளைதான் பார்த்தது. இதை நான் மறந்து பேசினால் என் நாக்கு அழுகிப் போகும்.

கல்லூரியில் சேர நேர்முகத்துக்குப் போன கதையை அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெரிய மனிதர்கள். அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள். அண்ணன், "மை ஃபாதர் வாஸ் டைடு" என்று சொல்லியிருக்கிறார். செத்துப்போனார் என்பதை அப்படிச் சொல்லக்கூடாதாம், நடுவில் அந்த 'வாஸ்' வரக்கூடாதாம். மூவரும் சிரித்திருக்கிறார்கள். அதில் ஒருவர், இன்னொரு தரம் சொல்லு என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாராம். இடம் கிடைத்தது. ஆனால் ஊருக்குத் திரும்பிய அண்ணன் பழைய ஆள் இல்லை. ஒரு கிழிந்த இலக்கணப் புத்தகத்தை மடையில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மனப்பாடம் செய்தார். படித்து முடித்துக் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியராக வேலைக்கும் சேர்ந்து, அம்மாவையும் என்னையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். தம்மைப் பார்த்து மூன்று பேர் சிரித்ததற்கு முப்பது வருஷம் ஊரைப் பார்த்துச் சிரித்தார்.

நல்ல குணங்களையும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்தில் ஒரு நாள் பள்ளிக்குத் தாமதமாகப் போனதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குத் தாம் நடத்திய டுடோரியலில் இலவசமாகச் சொல்லிக்கொடுத்தார். பீடி, சாராயம், பெண் சமாச்சாரம் எதுவும் கிடையாது. பொட்டப் பிள்ளையை நர்ஸ் வேலைக்கு அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் வாயில் போட்டு மென்றபோது, "உங்க வூட்டு அடுப்ப நீங்க பாருங்க" என்று சொல்லி என்னைப் பயிற்சிக்கு அனுப்பியவர் அவர். நான் இன்று வாங்கிச் சாப்பிடும் ஓய்வூதியம் அண்ணன் போட்ட பிச்சைதான். இதையும் யாரும் மறுக்க முடியாது.

இனி பலகைக்கு வருகிறேன். பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் அண்ணனுடைய டுடோரியல் இருந்தது. அதன் வாசல் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பலகை. மேலே பெரிய எழுத்தில் 'இந்த வாரப் பத்துப் பிழைகள்' என்று போட்டிருக்கும். திங்கட்கிழமை பொழுது விடிவதற்குள் பத்து ஆங்கில வாக்கியங்களை எழுதிவிடுவார். பிழையை வெள்ளைச் சாக்குக்கட்டியிலும் திருத்தத்தைச் சிவப்புச் சாக்குக்கட்டியிலும் எழுதுவது வழக்கம். புத்தகத்திலிருந்து எடுக்க மாட்டார். எல்லாம் ஊரில் பொறுக்கியது. மாணவர்களின் விடுப்புக் கடிதம், கல்யாணப் பத்திரிகை, தையற்கடை போர்டு, வீட்டுக்கு வரும் கடிதம் என்று ஆங்கிலத்தில் எது கையில் கிடைத்தாலும் அவருக்கு அது பொறுக்க வேண்டிய கதிர். காய்ச்சலுக்கு விடுப்புக் கேட்ட பையன் ஒருவன் "கைன்ட்லி லீவ் மீ" என்று எழுதிவிட்டான். தயவுசெய்து என்னை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியதாக அர்த்தமாகிவிட்டதாம். பேருந்துக்கு நிற்கிற கூட்டம் ஒரு வாரம் அதைப் படித்துச் சிரித்தது. அந்தப் பையன் அதற்குப் பிறகு டுடோரியல் பக்கம் தலை காட்டவில்லை.

யார் பெயரையும் பலகையில் போட மாட்டார். அது அவருடைய நாகரிகம். "பிழைக்குத்தான் தண்டனை, ஆளுக்கு இல்லை" என்பார். ஆனால் கள்ளக்குறிச்சி அன்றைக்கு எவ்வளவு பெரிய ஊர்? செவ்வாய்க்கிழமைக்குள் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதைப் படிக்கிற சொந்தக்காரர்களில் பாதிப்பேராவது அந்தப் பலகையில் ஏறி இறங்கியவர்கள்தான். எங்கள் அம்மா இறந்தபோது காச்சிராயபாளையத்து மாமா, மாப்பிள்ளை ஆங்கில வாத்தியார் ஆயிற்றே என்று, யாரிடமோ கேட்டு ஆங்கிலத்தில் அனுதாபக் கடிதம் எழுதினார். "ஐ ஆம் வெரி ஹேப்பி டு இன்ஃபார்ம் மை சாரோ" என்று ஆரம்பித்திருந்தது. என் துக்கத்தைத் தெரிவிப்பதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன் என்று அர்த்தம். கருமாதிக்கு முந்தின திங்கட்கிழமை அது பலகையில் ஏறியது. மாமா கருமாதிக்கு வந்து, தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அண்ணி அன்று என்னிடம், "குத்தம் பாத்தா சுத்தம் இல்லன்னு சொல்லுவாங்க. இவரு குத்தம் பாக்கறதுக்குன்னே சம்பளம் வாங்கறவராச்சே" என்றார்.

அண்ணன் மகனும் ஏழு வயதுக்குப் பிறகு அப்பா எதிரில் ஆங்கிலத்தில் வாயைத் திறந்ததில்லை. இன்று பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறான். தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருந்தால் இன்றைக்கும் எழுந்து வெளியே போய்விடுகிறான்.

எனக்கு வேலை கிடைத்தது மலையில், கரியாலூர்ப் பக்கம் ஒரு சிறிய சுகாதார நிலையத்தில். தென்னாற்காடு மாவட்டம் ஒன்றாக இருந்த காலம் அது. திங்கட்கிழமை காலை பேருந்தில் ஏறி மலைக்குப் போவேன், சனிக்கிழமை இறங்கி வருவேன். அங்கே கம்பவுண்டராக ஒருவர் இருந்தார். மலைக்காரர். அவருடைய ஊரில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள். வீட்டில் தினையும் சாமையும் விதைக்கிற குடும்பம். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எங்கே இருக்கிறாரோ, பேரன் பேத்தி எடுத்திருப்பாரோ, தெரியாது. மூன்று வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அவருக்கும் என்னைப் பிடித்திருந்தது. கல்யாணம் செய்துகொள்வது என்று பேசி முடிவு செய்தோம். அறுபது தாண்டிவிட்டேன், இனி இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்?

அவர், தம் அப்பாவை அழைத்துக்கொண்டு வெற்றிலை பாக்கோடு எங்கள் வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்கிறேன் என்றார். வேண்டாம் என்று தடுத்தவள் நான். முதலில் கடிதம் எழுதுங்கள், அதுவும் ஆங்கிலத்தில் எழுதுங்கள் என்று சொன்னேன். தமிழில் எழுதினால் அண்ணன் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார், ஆங்கிலத்தில் எழுதினால் படித்த மாப்பிள்ளை என்று மதிப்பு வரும் என்பது என் கணக்கு. அந்தப் பலகையைத் தினம் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு எங்கே போயிருந்தது புத்தி? சொந்தத் தங்கை விஷயம் பலகையில் ஏறாது என்று நினைத்துவிட்டேன்.

அவர் தயங்கினார். "எனக்கு இங்கிலீஷு மருந்து பாட்டில்ல ஒட்டிக்கிற அளவுக்குத்தாங்க தெரியும்" என்றார்.

"தெரிஞ்சத எழுதுங்க. எங்கண்ணன் புரிஞ்சிக்குவாரு" என்றேன்.

பத்துப் பதினைந்து நாள் எழுதினார். மருந்துச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் கோடு போட்ட தாளில் இரண்டு பக்கத்துக்கு நகல் எடுத்தார். காட்டுங்கள் என்று கேட்டேன். "உங்களுக்கா எழுதறேன்? உங்கண்ணனுக்கு எழுதறேன். மொதல்ல அவரு படிக்கட்டும், அதான் மொற" என்று சொல்லி உறையை ஒட்டிவிட்டார். அவர் தபாலில் போட்டதைத்தான் பார்த்தேன். உள்ளே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கடிதம் வந்துவிட்டது என்று அண்ணியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பேச்சில்லை. திட்டவில்லையே, யோசிக்கிறார் போலிருக்கிறது என்று எனக்குள்ளே சந்தோஷம்கூட வந்தது. குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டு படுத்தேன். திங்கட்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். டுடோரியல் வாசலில் வழக்கத்தைவிட ஜாஸ்தி கூட்டம்.

முதல் வரி, "ஐ ஆம் நோயிங் யுவர் சிஸ்டர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்." உங்கள் தங்கையை மூன்று வருஷமாகத் தெரியும் என்று எழுதியிருக்கிறார் பாவம். தமிழில் மூன்று வருஷமாக என்று சொன்னால் போதும். ஆங்கிலத்தில் அதற்கு வேறு வினை வேண்டும், 'சின்ஸ்' வரக்கூடாது, 'ஃபார்' வரவேண்டும். பக்கத்திலேயே சிவப்பில் சரியான வாக்கியம், அண்ணனுடைய முத்து முத்தான கையெழுத்தில். இரண்டாவது, என் அப்பா அம்மாவிடம் இதைப் பற்றிப் பேசிவிட்டேன் என்பது. "டிஸ்கஸ்ட் அபௌட்" என்று எழுதியிருந்தார். 'அபௌட்'டைச் சிவப்பில் அடித்திருந்தது. நாலாவது, எங்கள் மலை வீட்டுக்கு ஓட்டுக் கூரை இருக்கிறது என்பது. "அவர் ஹில் ஹௌஸ் இஸ் ஹேவிங் டைல் ரூஃப்." அந்த 'ஹேவிங்' தப்பாம். ஏழாவது, அவள் காட்டு வேலைக்குப் போக வேண்டியதில்லை என்பது. "ஷீ நீட் நாட் டு கோ" என்று எழுதியிருந்தார், அந்த 'டு' கூடாதாம். பத்தாவது, "ப்ளீஸ் ரிப்ளை மீ." எனக்குப் பதில் எழுதுங்கள். அதில் 'டு' இல்லாமல் விட்டுவிட்டார். கூடாத இடத்தில் போட்டு வேண்டிய இடத்தில் விட்டுவிட்டான் பாருங்கள் என்று கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

கண்டக்டர் ஒருவர் அதைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தார். "எவனோ மலைக்காரன் எவளோ ஒருத்திய கேட்டு எழுதிக்கினு கீறான்யா. ஓட்டு வூடாம்" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் இரண்டு பேர் சிரிப்பை நிறுத்தினார்கள், மற்றவர்களுக்கு விஷயம் புரியவில்லை. நான் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த வயது வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். ஒரு ஈரத்துணியை எடுத்துத் துடைத்திருக்கலாம். துடைக்கவில்லை.

மலைக்கு நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. புதன்கிழமைக்குள் பேருந்தே செய்தியைக் கொண்டுவந்துவிட்டது. வியாழக்கிழமை அவர் விடுப்புப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினார். டுடோரியலுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்தவர் பிறகு எனக்குச் சொன்னார். "ஒரு ஆளு வந்து பலகைய ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னாருங்க. அப்புறம் பையிலேருந்து நோட்டு எடுத்து, திருத்தினது பத்தையும் எழுதிக்கினு போனாரு. படிக்கிற புள்ளயாட்டம் கீதேன்னு நெனச்சேன்."

மறுநாள் மருந்து அறையில் என்னிடம் பேசினார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குப் பிழைக்க வழி இருந்திருக்கும். "உங்கண்ணன் சரியாத்தாங்க திருத்திக்கிறாரு. பத்தும் என் தப்புத்தான்" என்றார். பிறகு, "ஆனா நான் ஒன்னு கேட்டிருந்தேன். அதுக்குப் பதிலு அந்தப் பலகையில எங்க தேடியும் இல்லீங்க" என்றார். அந்த மாதக் கடைசியில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று, மருந்து அலமாரிச் சாவியை என் மேசை மேல் வைத்துவிட்டு, "வரேன் சிஸ்டர்" என்றார். அதுவரைக்கும் அவர் என்னை எல்லார் எதிரிலும்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அண்ணனிடம் கேட்காமலும் இல்லை. அந்த வாரம் சனிக்கிழமை வந்த கையோடு கேட்டேன். "அண்ணா, அந்த லெட்டருக்கு இன்னா பதில் எழுதினீங்க?"

"அதான் பலகையில எழுதிட்டனே" என்றார், சாதத்தைப் பிசைந்துகொண்டே.

"மலைக்காரர்னுதான?"

"நான் சாதி பாக்கறவன் இல்லம்மா. எவன் வேணாலும் இந்த வூட்டுப் படி ஏறலாம். சரியா எழுதிக்கினு வரணும், அவ்ளோதான்."

இதை நான் நம்பினேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். கொஞ்ச நாள் நம்பினேன். அண்ணன் பாரபட்சம் இல்லாதவர், மாமாவையே பலகையில் ஏற்றியவர், சாதி பார்த்திருக்க மாட்டார் என்று நானே அவருக்காக வக்காலத்து வாங்கினேன். மறு வருஷம் எனக்கு ஒரு வரன் வந்தது. எங்கள் சனம், நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளையே அண்ணனுக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதியிருந்தார். இந்தத் தடவை அண்ணன் கடிதத்தை என் கையிலேயே கொடுத்தார், பாரு என்று. பார்த்தேன். ஒரு பக்கக் கடிதத்தில் பதினாலு பிழை எண்ணினேன். கடைசி வரியில் அதே "ப்ளீஸ் ரிப்ளை மீ." ஓர் இடத்தில்கூடச் சிவப்பு மை இல்லை.

"இதுல தப்பு இல்லையாண்ணா?" என்று கேட்டேன்.

"அது லெட்டரு. பரீச்சப் பேப்பரா?" என்றார்.

அந்த வரனை வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொன்றையும் வேண்டாம் என்றேன். கொழுப்பெடுத்தவள், நர்ஸ் உத்தியோகத்தின் திமிர் என்று பேசிய சொந்தக்காரர்கள் இன்றைக்கு இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறார்கள். காரணம் என்ன என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. அண்ணனும் கேட்கவில்லை. திங்கட்கிழமைகளில் அந்தப் பலகை பக்கம் போகாமல், பின்தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு பேருந்து பிடித்தேன். ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான்.

அண்ணி காலமான பிறகு வீட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மகன் வெளியூரில். அண்ணனும் நானும் மட்டும் அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். பாசம் இல்லாமலில்லை. மீன் குழம்பு வைத்தால் தலையை எனக்கு ஒதுக்கி வைப்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்து, குடிக்கும் வரை எதிரிலேயே நிற்பார். பிறகு அண்ணனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. மருத்துவமனையில் கொடுத்த அறிக்கையைப் பார்த்து, நோய் என்ன என்று கேட்பதற்கு முன்னால், அதில் மூன்று பிழை கண்டுபிடித்து டாக்டரிடம் சொன்னார். டாக்டர் பெரிய மனது, சிரித்துக்கொண்டார். அறுவை செய்தால் பேச்சு போய்விடும் என்றார்கள்.

அறுவைக்கு நாலு நாள் இருக்கும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கேட்கவில்லை என்றால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது.

"அண்ணா, அந்த மலைக்கார கம்பவுண்டரு பேரு ஞாபகம் இருக்கா?"

"எவன்?"

"என்னக் கேட்டு உங்களுக்கு லெட்டர் எழுதினாரே. பலகையில ஏத்தினீங்களே."

கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது. "ஆங், கம்பவுண்டர் இங்கிலீஷு. பேரு ஞாபகம் இல்லம்மா. ஆனா கேளு" என்று விரலை மடக்கி ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்தையும் ஒப்பித்தார். ஒரு சொல் பிசகவில்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். தொண்டை வலியோடு சிரித்தும் விட்டார்.

"பத்து வரி சரி. லெட்டர் ரெண்டு பக்கம் இருந்துச்சே. மீதி வரில இன்னா எழுதியிருந்தாரு?"

"மீதிலதான் தப்பு இல்லையே."

"தப்பில்லாத வரில இன்னா இருந்துச்சுன்னுதான் கேக்கறேன்."

என்னை விசித்திரமாகப் பார்த்தார். "தப்பில்லாதத நான் எதுக்கும்மா ஞாபகம் வச்சிக்கணும்?" என்றார்.

நோகடிக்க வேண்டுமென்று சொல்லவில்லை. நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், அதில் கள்ளமில்லை. கடிதம் எங்கே என்று கேட்டேன். பொறுக்கி முடித்த தாளையெல்லாம் அந்தந்த வாரமே வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவது வழக்கம் என்றார். அந்தத் திங்கட்கிழமை காலை நான் குளித்துவிட்டுப் போன வெந்நீர் அதில் காய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும்.

இனி என் பிழையைச் சொல்கிறேன். சீராட்டிப் பணிவிடை செய்த தங்கை என்று மாணவர்கள் என்னைப் புகழ்ந்திருப்பார்கள், அதனால் சொல்லித்தான் ஆக வேண்டும். அறுவைக்குப் பிறகு அண்ணனுக்குப் பேச்சு இல்லை. கை நடுக்கத்தால் எழுதவும் முடியாது. தினம் காலையில் ஆங்கில நாளிதழைப் படித்துக் காட்டச் சொல்லிச் சைகை செய்வார். படித்தேன். தப்புத் தப்பாகப் படித்தேன். எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு 'வாஸ்' எங்கே வரும், 'வேர்' எங்கே வரும் என்று தெரியாதா? வேண்டுமென்றே மாற்றிப் படித்தேன். 'ஹேவிங்' வரக்கூடாத இடமெல்லாம் சேர்த்தேன். முதல் நாள் தலையை ஆட்டினார். நான் கவனிக்காதது போலப் படித்தேன். பிறகு விரலைத் தூக்கினார். விரலைத் தூக்கிய வரியை மறுபடியும் முதலிலிருந்து அதே தப்போடு படித்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. துணியால் துடைத்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனேன். இப்படி இரண்டு மாதம். வேளை தவறாமல் மருந்து கொடுத்தேன், புண்ணைச் சுத்தம் செய்தேன், புரட்டிப் படுக்க வைத்தேன், காலையில் தப்பாகப் படித்தேன். கடைசி வாரத்தில் விரல் எழவில்லை. மழைச் செய்தி ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டார். அந்த வரியையும் தப்பாகத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

இதுவரைக்கும் எழுதிக் கொடுத்ததும் அண்ணன் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அத்த, இத்தப் போட்டா ஊரு இன்னா பேசும்?" என்றான்.

"பேசட்டும்டா. உங்கப்பன் ஊரையே பேசினாரு."

"கடைசில நீங்க பண்ணத மட்டுமாச்சும் எடுத்துரலாம் அத்த."

"ஒரு வரி எடுத்தாலும் நான் திதிக்கு வரமாட்டேன்" என்றேன். அவன் நல்ல பிள்ளை, அப்படியே அச்சுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டான். அவனுக்கு என் முதல் நன்றி.

அண்ணனுக்குக் கடைசி வரை முகம் சுளிக்காமல் வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தூக்கிப் படுக்க வைக்கக் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்த எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கும், பலகையில் பட்ட அவமானத்தை மறந்து பாடைக்குத் தோள் கொடுத்த காச்சிராயபாளையத்து மாமா மகன்களுக்கும், தொலைதூரத்திலிருந்து வந்து மண் போட்ட மாணவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இந்த நன்றியில் யாரையாவது விட்டிருந்தால் அது மறதிதான், வேறில்லை.

இந்த மலர் ஆயிரம் பிரதி அச்சாகிறது. மலைக்கும் போகும், வெளி மாவட்டத்துக்கும் போகும். அவர் கையில் ஒன்று கிடைத்தாலும் கிடைக்கலாம். கிடைத்தால், ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரிந்தது அந்தப் பத்து வரிதான். அதையும் ஊர் சிரித்த பிறகுதான் படித்தேன். மீதி வரிகளில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று நினைவிருந்தால் எனக்கு எழுதி அனுப்புங்கள். முகவரி மாறவில்லை. இப்போது அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், கடிதத்தை நானே பிரிப்பேன்.